மூன்றாம் காட்சி வரை கோபம்

மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்து எழுந்தவர் அதன் மிச்சத்தைக் காகிதப் பையில் கொண்டுவந்து கொட்டினால், கண்ணாடிக் கடைக்காரர் முதலில் அவரைத்தான் தேற்றுவார். "பரவால்லைங்க. உடைஞ்சது ஃப்ரேம்தானே, எலும்பு இல்லையே." பேருந்தில் காலை மிதித்தவரிடம் பரவால்ல. கடை வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறவரிடம் பரவால்ல. இனிமேல் மிதிக்கப்போகிறவருக்கு முன்கூட்டியே ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'பரவால்ல' என்றாகிவிட்டது. அதையும் அவர் அப்படியேதான் எடுத்துக்கொண்டார்.

ஆள் பார்வைக்கு அப்படி இல்லை. ஆறடி உயரம். மீசை தனிக்குடித்தனம் நடத்துகிற அளவுக்கு இருக்கும். அந்த மீசையை நம்பித்தான் குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா நாடகத்தில் அவருக்கு அப்பா வேஷம் கொடுத்தார்கள்.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். முதல் காட்சியில் அப்பா கர்ஜிக்க வேண்டும். இரண்டாவதில் தடுமாற வேண்டும். மூன்றாவதில் உருகிக் கட்டிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு மனிதன் தலைகீழாக மாறியாக வேண்டும். மாப்பிள்ளை வேஷத்துக்கு ஆள் சிக்காததால், அவன் கடைசி வரை வாசலிலேயே நிற்பதாக வசனத்தில் ஒப்பேற்றிவிட்டார்கள்.

இயக்கம், உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் விசில் மாஸ்டர். அவருக்கு நாடகமும் தண்டால் மாதிரிதான். "ஒரு விசில் அடிச்சா கோபம். ரெண்டு விசிலுக்குக் குழப்பம். மூணுக்குப் பாசம். அதுக்கு முன்னாடி பாசம் எட்டிக்கூடப் பாக்கக்கூடாது, புரியுதா?"

புரிந்தது. முடியத்தான் இல்லை. மகளாக நடித்த மருந்துக்கடைப் பெண் "அப்பா" என்று காலெடுத்து வைத்ததுமே இவர் கண் தளும்பிவிடும். "வந்துட்டியாம்மா? சாப்பிட்டியா? மாப்பிள்ளை ஏன் வெளிய நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லு" என்று எழுதாத வசனமெல்லாம் பேசி, நாடகத்தை முதல் காட்சியிலேயே சுபமாக முடித்துவிடுவார்.

"ஐயோ சார்! நீங்க இப்பவே மன்னிச்சிட்டா மிச்ச நேரம் நாங்க என்ன, மேடையைக் கூட்டிப் பெருக்கறதா?"

"பரவால்ல மாஸ்டர், இன்னொரு தடவை பாத்துடலாம்."

அவருக்குக் கோபம் வரவழைக்கும் பொறுப்பு மனைவியிடம் வந்து சேர்ந்தது. மேடையோரம் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதும் அந்த அம்மணிதான். காபியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். மனிதர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இன்னிக்கு ருசி வேற மாதிரி இருக்கே, நல்லாதான் இருக்கு" என்றார். அடுத்து அம்மணி சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து வைத்தார். இவர் ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கோபம் வந்தது அம்மணிக்குத்தான்.

"உங்க தம்பி வீட்டு விருந்துல வந்திருக்கணும் கோபம். அத்தனை பேர் முன்னாடி உங்க தம்பி பொண்டாட்டி என்னை, 'நீங்க சும்மா இருங்க'ன்னு வாயை அடைச்சா. அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'பரவால்ல விடு'ன்னீங்க. பேச்சு வாங்கினது நானு. மன்னிக்கிறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? எனக்காக நீங்க ஏன் மன்னிச்சீங்க?"

பாதி தைத்த பொத்தான் கையில் தொங்கியது. அவருக்குப் பரவால்லகூட வரவில்லை.

ஆண்டுவிழாவன்று மகள் மேடையில் நுழைந்தாள். அவர் கண் வழக்கம்போல் தளும்பத் தயாரானது. ஓரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்ட அம்மணி, பதற்றத்தில், "வெளியே போ! வெளியே போ!" என்று அடுத்த வசனத்தை ஊருக்கே கேட்கும்படி எடுத்துக்கொடுத்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் நின்ற விசில் மாஸ்டருக்கு அம்மணி மேல் கோபம் தலைக்கேறிவிட்டது.

"வாயை மூடுறீங்களா? உங்களையெல்லாம் இங்க நிக்க விட்டதே தப்பு!"

மைக் அதையும் விடாமல் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கண்ணாடிக் கடைக்காரர் ஓரத்தைப் பார்த்துத் திரும்பினார். காது மடல் சிவந்தது. "யாரைப் பாத்து என்ன பேச்சு பேசற?"

நாடகத்தில் இல்லாத வசனம். இருந்தாலும் மகள் நிஜமாகவே நடுங்கிப் பின்வாங்கினாள். கூட்டம் நடிப்பென்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் ஒவ்வொன்றையும் மாஸ்டரைப் பார்த்தே பேசினார். "என் வாசப்படி மிதிக்க உனக்கு என்ன யோக்கியதை?" மாஸ்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வினை மூன்றாம் காட்சியில் வந்தது. மகள் அழுதாள், காலைப் பிடித்தாள். மனிதர் இளகவே இல்லை. இத்தனை நாள் இளகாதே என்று மன்றாடியவர்கள், இப்போது இளகித் தொலை என்று ஓரத்திலிருந்து கையை ஆட்டினார்கள். "மன்னிச்சேன்னு சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு முட்டி வலிக்கும்" என்று அம்மணியே கெஞ்சினார். அவர் குனிந்து மகளைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னிக்கு முடியாதும்மா. எனக்கு இப்பதான் கோபமே வந்திருக்கு. நாளைக்கு வா."

அவசர அவசரமாகத் திரையை இழுத்துவிட்டார்கள். வெளியே கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

திரைக்குப் பின்னால் மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், ஏதோ ஒரு வேகத்துல வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடுங்க." எல்லோரும் அந்த ஒற்றைச் சொல்லுக்காக அவர் வாயையே பார்த்தார்கள். மீசை ஒருமுறை அசைந்து நின்றது.

"என்கிட்ட எதுக்கு? பேச்சு வாங்கினது அவங்க. அவங்ககிட்ட கேளுங்க. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அவங்க இஷ்டம்."

அம்மணி கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மாஸ்டர் அம்மணி பக்கம் திரும்பினார். கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.