டிவி சொல்லித் தந்த ஷ்மக்

வாரத்தில் மூன்று மத்தியானங்கள் எனக்கு இரத்தச் சுத்திகரிப்பு. மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். பக்கத்துக் கதிரையில் எப்போதும் அதே யூதர். என்னைப் போலவே அறுபதைத் தாண்டியவர். இருவரும் டிவியில் பழைய நகைச்சுவைத் தொடர்கள் பார்ப்போம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒற்றை அறையில் தனியொருத்தியாக இருந்த காலத்தில் நான் இங்கிலிஷ் பழகியதே அவற்றைப் பார்த்துத்தான்.

ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது நெற்றியிலேயே இருந்தது.

"அங்கேதான் இருக்கிறது, ஷ்மக்!" என்றேன். டிவியில் அசட்டுத்தனம் செய்பவனை அப்படித்தான் அழைப்பார்கள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். செல்லப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தச் சொல் எங்கே கிடைத்தது?"

"டிவியில்."

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார். அது அவர்களுடைய யித்திஷ் மொழிச் சொல். அவர்கள் வீட்டில் அதற்கு ஆண்கள் மூடி வைக்கும் உறுப்பு என்று பொருள். அப்பா அதை ஒரேயொரு தடவை, சாப்பாட்டு மேசையில், தன் மூத்த மகனை, இவருடைய அண்ணனை, பார்த்துச் சொன்னாராம். அண்ணன் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

"பல வருடங்களுக்குப் பிறகு, அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்த நிகழ்ச்சியில் அந்தச் சொல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எழுந்து டிவிக்குப் பின்னால் போய், யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு கட்டில் விரிப்பால் அதை மூடினார். செத்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை நாங்கள் அப்படி மூடுவோம். டிவியை நிறுத்த மறந்துவிட்டார். துணிக்குள்ளே அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்."

மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை. இப்போது அதற்கு மடையன் என்றுதான் அர்த்தம். உங்கள் மொழியிலும் அப்படியொன்று இருக்குமே?"

இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். எங்கள் வாசலில் நின்ற ஒருவனுக்கு என்னைப் பெற்ற ஐயா சொன்னது. அம்மா என் காதைப் பொத்துவதற்குள் விழுந்துவிட்டது. ஏன் சொன்னேனோ தெரியாது, இவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் நாக்கில் அது ஒரு பொம்மையின் பெயர் போல ஒலித்தது.

அந்த நேரம் தாதி வந்தாள். "அழகாக இருக்கிறதே! என்ன அர்த்தம்?"

"மடையன்," என்றேன்.

அவள் உரக்கச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

அதன்பிறகு இயந்திரம் கத்தும்போதெல்லாம் அவள் அதை அந்தச் சொல்லால் ஏசுவாள். மற்றவர்களும் பழகிவிட்டார்கள். அவள் வாய் திறக்கும் முன்பே எனக்கு ஐயாவின் குரல் கேட்கும், பிறகுதான் சிரிப்பு.

போன கிழமை மூலைக் கதிரைக்கு ஒரு தமிழர் புதிதாக வந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, தாதி தோளில் தட்டி அந்தச் சொல்லைச் சொன்னாள். வரிசை சிரித்தது. அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய் என்னிடம் வந்து நின்றது.

"தங்கச்சி, உந்தப் பிள்ளைக்கு ஆர் உதைச் சொல்லிக் குடுத்தது?"

"தெரியேல்லை, அண்ணை," என்றேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். நாலு மணித்தியாலமும் திறக்கவில்லை.