என்னுடைய இருபத்து நாலு சதவீதம்

இந்த வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். போலீஸ் வருகிற அளவுக்கு ஒன்றுமில்லை... ஆனால் போன செவ்வாய்க்கிழமை காலை, பெசன்ட் நகர் கடற்கரையில், என்னால் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவள் என் சிநேகிதி கோமதி. இருபது வருடப் பழக்கம்.

எல்லாம் ஒரு மெஷினால் வந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஆன்லைனில் தள்ளுபடி என்று என் கணவர் அதை வாங்கினார். பார்க்கச் சாதாரண எடை மெஷின்தான். கண்ணாடிப் பலகை, நாலு மூலையிலும் வெள்ளி நிறப் பட்டை. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு விடாது. உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம், தண்ணீர் எத்தனை சதவீதம், எலும்பு எவ்வளவு என்று செல்போனுக்கு முழு ரிப்போர்ட் அனுப்பிவிடும். வீட்டுக்குள்ளேயே நமக்கு எதிராக ஒரு சாட்சியைக் காசு கொடுத்து வாங்கி வைப்பானேன்?

ஆப்பை அவர் போனில் ஏற்றினோம். என் போனில் இடமில்லை. முழுக்க குட்மார்னிங் ரோஜாக்கள்.

ஏறி நின்றேன். கொழுப்பு — 24 சதவீதம். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இரண்டு பிரசவம். தினமும் சாயங்காலம் காபியோடு மிக்சர். அதற்கெல்லாம் சேர்த்துப் பச்சை டிக்கா? உடனே இணையத்தில் தேடினேன். பெண்களுக்கு இயற்கையாகவே ஆண்களைவிடக் கொழுப்பு அதிகம் இருக்கும், என் வயதில் முப்பதைத் தாண்டுவதுகூட சாதாரணம் என்று போட்டிருந்தது. அப்படியானால் இருபத்து நாலு? ஓட்டப்பந்தயம் ஓடுகிற பெண்களுக்குப் பக்கத்தில்!

கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். ஓட்டப்பந்தயம் எங்கேயும் தெரியவில்லை. உள்ளே இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாக்கிங்கில் எல்லோரிடமும் சொன்னேன். 'முப்பதைத் தாண்டுவதும் சாதாரணம்' என்ற பகுதியை மட்டும் ஏனோ சொல்லவில்லை.

கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரி. தி.நகரில் அவர்கள் குடும்பத்துக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. சாயங்காலம் கல்லாவில் அவள்தான் உட்காருவாள். குடமோ, அண்டாவோ, எல்லாவற்றையும் தராசில் வைத்து எடை போட்டு விற்கிற வியாபாரம். அதனால் தராசு என்றால் அவளுக்குச் சாமி மாதிரி. மனிதர்கள் சொல்வதை நம்ப மாட்டாள். தராசு சொன்னால் மறுபேச்சே கிடையாது.

"இருபத்திநாலா? மெஷின்ல ஏறி நின்னு பாத்தியா?"

"பார்த்தேனே! பச்சை டிக் வேற போட்டிருக்கு."

"அப்பச் சரிதான்" என்றாள். முகம் சற்றுச் சுருங்கியது.

அந்த வாரமே அசோக் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், அவளுடைய மெஷினில் தன் வயதையும் உயரத்தையும் பதியச் சொல்லி, ஏறி நின்றுவிட்டு வந்தாள். முப்பத்து மூன்று.

"ஒம்பது கூட இருக்கு ஜெயா. ஒன் வயசுதான எனக்கும்? நான் மட்டும் ஏம்ட்டி இப்படி இருக்கேன்?"

அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது... ஆனால் ஜெயித்தவர்களுக்குத் தோற்றவர்கள்மேல் வருகிற பாவம் அது. அதில் கொஞ்சம் சர்க்கரை கலந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து இட்லி போயிற்று. அதற்கடுத்த நாள் சாதம். வாக்கிங் முடிந்ததும் அஞ்சலையின் தள்ளுவண்டியில் எல்லோரும் இளநீர் குடிப்பது வழக்கம். கோமதி அதையும் நிறுத்திவிட்டாள். அதில் சர்க்கரையாம்.

மெஷின் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு காலை என் கணவர் ஹாலிலிருந்து கத்தினார்.

"ஏம்மா! நான் நாலு கிலோ குறைஞ்சிருக்கேன்! ஆப்பே வாழ்த்து சொல்லுது!"

முந்தின நாள் ராத்திரிதான் எட்டாவது சப்பாத்திக்குக் குருமா போதவில்லை என்று சண்டை போட்டவர். அவர் எங்கிருந்து நாலு கிலோ குறைந்தார்? போனை வாங்கிப் பார்த்தேன். 'வாழ்த்துகள் சுந்தரம்!' என்று பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. ஆப்பில் ஒரே ஒரு ஆளின் விவரம்தான் இருந்தது. பெயர் சுந்தரம், வயது ஐம்பத்தெட்டு, உயரம் ஐந்தடி பத்து அங்குலம், ஆண். எனக்கும் அவருக்கும் எடையில் நாலு கிலோதான் வித்தியாசம். நான் ஏறி நின்றபோதெல்லாம், சுந்தரம் சார்தான் கொஞ்சம் இளைத்து வந்திருக்கிறார் என்று அது முடிவு செய்துவிட்டது.

அதாவது பன்னிரண்டு நாட்களாக நான் ஐந்தடி பத்து அங்குல ஆண்!

இந்த மெஷின் கொழுப்பைத் தனியாக எடுத்து நிறுப்பதில்லை. காலடி வழியாக உறைக்காத அளவுக்கு லேசாக மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கிறது. பிறகு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு உத்தேசமாகச் சொல்கிறது. நாம் என்ன கொடுக்கிறோமோ அதற்குத்தான் பதில்.

என் பெயரில் புதிதாக விவரம் பதிந்தேன். பெண். ஐம்பத்து மூன்று. ஐந்தடி இரண்டு. கால் துடைத்து, பயபக்தியோடு ஏறி நின்றேன்.

37.

டிக்கைக் காணோம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு முகம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. நம் ஊரில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். இதில் மட்டும் தாண்டினால் முகம் சுளிக்கிறார்கள். இதென்ன நியாயம்?

அன்றைக்கே கோமதிக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்தேனா? இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வாக்கிங் கோஷ்டி ஆறு பேரும் இருந்தார்கள், அத்தனை பேர் முன்னாலா என்று விட்டேன். அதற்கடுத்த நாள், அவளே நாலு நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயதைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால்கூட இவ்வளவு கூச்சம் வராது போலிருக்கிறது.

அவள் விடவில்லை. நடுவில் அவள் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. தி.நகரில் மண்டபம் பிடித்து, திருநெல்வேலியிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்திருந்தார்கள். சொதி, அவியல், உளுந்தவடை, போளி, பால் பாயசம். மணப்பெண்ணாகப் பட்டுப்புடவையில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவள் இலையில் என்ன இருந்தது தெரியுமா? நாலு துண்டு வெள்ளரிக்காய். ஒரு கரண்டி மோர்.

"ஒரு வாய் பாயசமாவது சாப்பிடு கோமதி" என்றேன்.

"நீ சாப்பிடுட்டி. ஒனக்கென்ன, இருபத்திநாலு!"

நான் சாப்பிட்டேன். இரண்டு கப். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, வாக்கிங் முடியும் நேரம். கோமதி என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று என் தோளைப் பிடித்தாள். "ஜெயா, கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது" என்றாள். அப்படியே மணலில் சரிந்துவிட்டாள்.

அஞ்சலைதான் ஓடி வந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோமதி கண்ணைத் திறந்ததும் அவளைச் சாய்த்து உட்கார வைத்தோம். அஞ்சலை ஒரு இளநீரை வெட்டிக்கொண்டு வந்து வாயருகே நீட்டினாள்.

"வேண்டாம்... சக்கரை..." என்றாள் கோமதி.

"இன்னா சக்கரை? கண்ணு ரெண்டும் உள்ள பூந்துகினு கீது, இதுல சக்கரையாம் சக்கரை! குடிம்மா மொதல்ல! குடிக்கலைன்னா நானே மூக்கப் புடிச்சு ஊத்திடுவேன்!"

குடித்தாள். ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பெண். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"தொண்ணூறுதான் இருக்கு. என்னம்மா சாப்பிடுறீங்க?"

கோமதி பெருமையாகச் சொன்னாள். காலையில் கிரீன் டீ, மதியம் வெள்ளரிக்காயும் மோரும், ராத்திரி பாதி ஆப்பிள்.

"பி.பி. மாத்திரை?"

"அத ஒருநாளும் விட மாட்டேன் டாக்டர்."

"சாப்பாட்டை நிறுத்திட்டு மாத்திரையை மட்டும் போட்டா பிரஷர் இறங்காம என்ன செய்யும்? நடு ரோட்ல விழுந்திருந்தா? யாரும்மா உங்களை இப்படி இருக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. எனக்குக் கொழுப்பு முப்பத்திமூணு டாக்டர். இருபத்திநாலு ஆக்கணும். இவ என் வயசுதான், இவளுக்கு இருபத்திநாலு."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையில் ஆரம்பித்தார். இடுப்புக்கு வந்ததும் பார்வை நின்றுவிட்டது.

"உங்களுக்கா?"

இதற்கு மேல் எங்கே ஒளிவது? மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அது... நான் ஆம்பளையா இருந்தப்ப வந்த நம்பர், டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஊசியோடு நின்ற நர்ஸ் அவசரமாக வெளியே போனார். வெளியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். டாக்டருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோமதி மட்டும் சிரிக்கவில்லை.

"தராசு பொய் சொல்லிருச்சாட்டி?"

"தராசு சொல்லலை கோமதி. நான்தான் சொன்னேன்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"அறுபதாங் கல்யாணத்துக்கு முன்னாலயேவா?"

"முன்னாலயே."

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் பேசினார். பெண் உடம்புக்குக் கொழுப்பு எதிரி இல்லை, ஹார்மோனுக்கும் எலும்புக்கும் அது தேவை என்றார். வயசுப் பெண்களுக்கு ரொம்பக் குறைந்தால் மாதவிலக்கே நின்றுபோகும். மாதவிலக்கு நின்ற பிறகு, நம் வயதில் கொஞ்சம் கூடுவது இயல்பு. வீட்டு மெஷின் காலையில் ஒன்று சொல்லும், தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறொன்று சொல்லும். மாதக் கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதைவிட இடுப்பு அளவையும் சுகரையும் பாருங்கள், கை காலுக்கு வலு வருகிற மாதிரி பயிற்சி செய்யுங்கள் என்றார்.

"உங்க முப்பத்திமூணு இந்த வயசுக்கு நல்ல நம்பர்மா" என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் ஒருதடவை இடுப்பை அளந்துட்டு, ரத்தப் பரிசோதனை செஞ்சுட்டு வாங்க. இந்தத் தடவை பெண்ணாவே வாங்க."

கடைசியில், "இது பரீட்சை மார்க் இல்லம்மா, யாரும் யாரோடயும் போட்டி போடாதீங்க" என்று சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

ஆட்டோவில் ஏறினோம். கோமதி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருபது வருடத்தில் அவள் இப்படி வாயை மூடி நான் பார்த்ததில்லை. என் மகனுக்கு டெங்கு வந்து படுத்தபோது, பத்து நாள் மூன்று வேளையும் சாப்பாடு கட்டிக் கொண்டுவந்தவள். அவளை நான் பட்டினி போட்டிருக்கிறேன். அதுவும் எதற்கு? ஒரு பச்சை டிக்குக்காக! அடையாறு சிக்னலில் வண்டி நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சிரு கோமதி. ஒன்னோட விசேஷத்துல ஒன்னைச் சாப்பிட விடாம பண்ணிட்டேன். அந்த நாளை நான் எங்க போய் வாங்கித் தருவேன்?"

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒனக்கு நெசமாவே எவ்வளவு?"

"முப்பத்தேழு."

"எத்தன?"

"முப்பத்தேழு, கோமதி."

மெதுவாக என் பக்கம் திரும்பினாள். மூன்று வாரமாகச் சோர்ந்து கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"எனக்கு முப்பத்திமூணு" என்றாள்.

"ஆமா."

"அப்ப, மொத நாள்லயே நான்தானட்டி ஜெயிச்சிருக்கேன்?"

டாக்டர் பத்து நிமிடம் தொண்டை வலிக்கச் சொன்னாரே, போட்டி வேண்டாம், மார்க் வேண்டாம் என்று? கிளினிக் வாசலோடு சரி. இரண்டு பேர் காதிலும் ஒரு சொட்டு ஏறவில்லை.

"ஆமா கோமதி" என்றேன். "நாலு பாயிண்ட் வித்தியாசத்துல."

"நாலு பாயிண்ட்!" நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அண்ணாச்சி, அந்த ஓட்டல் வாசல்ல வண்டிய ஓரங்கட்டுங்க!"

ஒரு பொங்கல், ஒரு வடை, ஒரு நெய் ரோஸ்ட். எனக்கு ஒரு காபி மட்டும் சொன்னாள். மூன்றையும் என் எதிரில் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு வாய்க்கும் என்னை நிமிர்ந்து பார்த்தபடி சாப்பிட்டாள்.

தோற்றுப்போய் இவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.