கல் நனையாத நாள்

அன்று திராட்சைப் பந்தலுக்கு அடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். தோட்டத்துக்காரர். கங்காணி பெருமாள் மாமா. ஈஸ்வரி மதினி. பாண்டியம்மா அக்கா. அப்புறம் நான். பெருமாள் மாமாவின் டிரான்சிஸ்டர் ஒன்றும் கல்தூணில் தொங்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தது, ஆனால் அதை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது. இந்தப் பெயர்களைப் போலீஸ்காரரிடம் சொன்னேன், அக்காவின் வீட்டுக்காரரிடம் சொன்னேன், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னேன். இப்போதும் பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. யாரையாவது விட்டுவிட்டேனோ என்று ஒரு பயம். அந்த ஐந்து பேரில் ஒருவர் டீ வாங்கப் போய்த் திரும்பி வரவில்லை.

இன்று மதியம் இங்கே சின்னமனூரில், மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில். கொடிக்கயிறு கையைச் சுட்டது. அப்போது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், ஈரத்துண்டை யாரோ முதுகில் போட்டதுபோல. அதில் நனைந்த மண்ணின் வாசனை. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. உச்சியில் வெயில், மூக்கில் மழை. காய்ந்தது, காயாதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். மகன் எங்கேயாவது ஆற்றுப்பக்கம் போயிருந்தால் என்ன செய்வது? அவன் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் கைப்பேசியோடு படுத்திருந்தான்.

"என்னம்மா, பேய் வெரட்டுன மாதிரி வர்ற?"

"மழை வருதுடா."

"இங்கன வராது. இந்தா பாரு, மேகமலைக்கு மேலதான் செவப்பாக் காட்டுது. சூடான காத்தும் ஈரக்காத்தும் அங்கன முட்டிக்கிருச்சு. அங்கன ஊத்துது. அந்த மழை தள்ளிவிட்ட குளிர்தான் ஒன் மேல பட்டுச்சு."

அவன் கல்லூரியில் படிக்கிறான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இந்த விஷயத்தை மட்டும் அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்பேன். அவனும் பொறுமையாகச் சொல்லுவான். காற்றும் கூட்டம் கூட்டமாகத்தான் இருக்குமாம். கடல் மேலேயே கிடந்த காற்று ஈரக்கூட்டம். காய்ந்த தரையில் கிடந்து சூடேறியது வறண்ட கூட்டம். இரண்டும் சட்டென்று ஒன்றோடொன்று கலக்காதாம். சந்திக்கிற இடத்தில் வரப்பு மாதிரி ஒரு கோடு விழும். கனத்த காற்று கீழே புகுந்து நெம்ப, லேசான காற்று மேலே ஏறும், ஏறி மேகமாகும். குளிர்தேசங்களில் இந்தக் கோடு ஊர் ஊராக, நாடு நாடாக நீண்டு நகருமாம். நம் பக்கம் அப்படி இல்லையாம், ஒரு மலை, ஒரு கணவாய் என்று சின்னச் சின்னதாக விழுந்து சாயங்காலத்தில் அழிந்துவிடுமாம்.

அவன் படம் போட்டுக் காட்டுகிற அந்தக் கோட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திராட்சை வேலைக்கு வருவதற்கு முன்னால் குமுளிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஜீப்பில் புளிமூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு போவார்கள். ஆனி, ஆடியில் கூடலூர் தாண்டும்வரை காற்று கண்ணில் மண்ணை வாரி அடிக்கும். மலை ஏறி ஒரு வளைவு திரும்பினால் மழை. அதுவும் எப்படி, முன்சக்கரம் நனையும், பின்சக்கரம் நனையாது. ஜீப்பின் பின்விளிம்பில் உட்கார்ந்து வருகிற பாண்டியம்மா அக்கா இரண்டு கையையும் வெளியே நீட்டும். "இந்தா பாருடி, இந்தக் கை கேரளா. இந்தக் கை தமிழ்நாடு." நனைந்த கையை என் கன்னத்தில் வைத்துத் தேய்க்கும். நானோ ஜீப் கவிழ்ந்துவிடும் என்று கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

கீழே இறங்கி வந்து திரும்பிப் பார்த்தால், மலை உச்சியில் மேகம் பால் மாதிரி பொங்கிக்கொண்டு நிற்கும். இதோ வழியப்போகிறது, இதோ அடுப்பை அணைக்கப்போகிறது என்று தோன்றும். வழியாது. விளிம்பைத் தாண்டி நம் பக்கம் இறங்கினதும் கரைந்துபோகும். மழையை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுக் காலிச் சாக்கு மாதிரி காற்று மட்டும் நம் பள்ளத்தாக்கில் வந்து விழும். இதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தலைக்கு நேரே இருக்கிற வானத்தை மட்டுமே பார்ப்போம். மலைமேல் கருத்துக் கிடந்தால், "அது அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்போம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். என்ன, சொல்லிவிட்டு மறுபடியும் நிமிர்ந்து பார்ப்பேன்.

திராட்சைக்கு வருகிறேன். பழுத்த பழத்துக்கு மழை எமன். ஒரு நல்ல மழை பெய்தால் பழம் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும், பிறகு ஈ மொய்க்கும், வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அதனால் வெட்டுகிற நாட்களில் தோட்டத்துக்காரர் தரையைப் பார்த்து நடக்கவே மாட்டார். வானத்தைப் பார்த்து நடந்து வாய்க்காலில் விழுந்தது உண்டு. அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு. எங்களுக்கு அது பந்தயம்.

பந்தயம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆளுக்கு ஐந்து ரூபாய். இன்று மழை வரும், வராது. தூறினால் மழையா, சாரல் அடித்தால் மழையா என்று சண்டை வரக் கூடாதே, அதற்கு ஒரு கல் இருந்தது. பந்தலின் மலைப்பக்க ஓரத்தில் ஒரு தூண் மட்டும் மற்றத் தூண்களைவிட உயரம், கம்பிக்கு மேலே ஒரு முழம் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் தலை நனைந்தால் மழை. நனையாவிட்டால் ஊரே மிதந்தாலும் மழை இல்லை. வேலை முடிந்து போகும்போது பெருமாள் மாமா பீடியை வாயில் கவ்விக்கொண்டு, கையை உயர்த்தி, குழந்தையின் தலையைத் தொடுவதுபோல அதைத் தொட்டுப் பார்ப்பார். "கல்லு காஞ்சு கெடக்கு ஆத்தா. காசை எடு" என்பார்.

நான் எப்போதும் மழை வரும் என்றுதான் கட்டுவேன். மழை வந்தால் காசு கிடைக்கும், வராவிட்டால் பயம் போகும், எப்படியும் நமக்கு லாபம் என்று ஒரு கணக்கு. அக்கா எப்போதும் வராது என்று கட்டும். பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். ஜெயித்த காசில் மறுநாள் வடை வாங்கி எல்லோருக்கும் கொடுக்கும். எனக்கு மட்டும் ஒன்று கூடுதலாக. "பயந்தாங்கொள்ளிக்கு ஒடம்புல சத்து வேணும்ல" என்று சொல்லும். வானொலியில் சொன்னதை நான் ஒப்பித்துக்கொண்டே இருப்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அக்காதான்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தபோது பந்தலுக்குள் காற்றே இல்லை. இலையில் படிந்த மயில்துத்த மருந்தின் வாடையும் பழத்தின் இனிப்பு வாடையும் கலந்து தொண்டையில் நின்றன. அப்புறம், நான் சொன்னேனே, அந்தக் காற்று. ஒரே நேரத்தில் பந்தல் முழுக்க இலைகள் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. கழுத்து வியர்வை சில்லென்றானது. மண்வாசனை.

"வெட்டுங்க ஆத்தா, சீக்கிரம் வெட்டுங்க" என்று தோட்டத்துக்காரர் வரிசைக்கு வரிசை ஓடினார். "மாமா, அந்த ரேடியோவ அமத்துங்க, மழை மழைன்னே சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

"எந்த ரேடியோவ?" என்று கேட்டார் பெருமாள் மாமா. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று டீ வாங்குகிற முறை அக்காவுடையது. டீக்கடை ஓடைக்கு அந்தப் பக்கம், ரோட்டோரம். சித்திரையில் அந்த ஓடையில் காக்காய்க்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மணலில் வண்டித்தடம் விழுந்து ஓடையே பாதையாகக் கிடக்கும். அக்கா தூக்குவாளியை எடுத்தது.

"அக்கா, காத்து குளுந்துருச்சு. செத்த நேரம் கழிச்சுப் போயேன். மழை வருது."

"ஆரம்பிச்சிருச்சு. ஏ மதினி, கொடையப் பிடிங்க, ரேடியோ பேயப் போகுது!"

"நேத்தும் இதத்தான் சொன்னா. நேத்து வெயில்ல என் மண்ட காஞ்சுபோச்சு" என்றாள் ஈஸ்வரி மதினி.

"அஞ்சு ரூவாடி. கல்லு நனையாது."

"நனையும்."

"எடுத்து வையி, வந்து வாங்கிக்கிறேன். இன்னிக்கு ஒனக்கு வடை கெடையாது, பாத்துக்க."

சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் பழம் வெட்டுவோம். அக்கா நடந்துகொண்டே பித்தானைக் கழற்றிவிட்டது. சட்டைக்குள் காற்று புகுந்து முதுகு உப்பியது. அந்த உப்பிய நீலச்சட்டைதான் என் கண்ணில் கடைசியாக நிற்கிறது. முகம் நினைவில் இருக்கிறதா என்றால், போட்டோவில் பார்த்த முகம்தான் வருகிறது.

டீக்கடைக்காரர் மலையாளி, இந்தப் பக்கம் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் பின்னால் எங்களிடம் சொன்னார். கடையிலிருந்து பார்த்தபோது மலை தெரியவே இல்லையாம். "சேச்சி, கொறச்சு நில்லு. மேல மழையாணு" என்று கொஞ்சம் நிற்கச் சொல்லியிருக்கிறார். அக்கா வாளியை மூடிக்கொண்டே, "மழை மேலதான சேட்டா, எனக்குக் கீழதான் வேலை" என்றதாம். அவரும் சிரித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அந்த மனிதருக்குச் சிரிப்பதா அழுவதா என்று வாய் கோணிக்கொண்டது.

எங்களுக்குக் கேட்டது லாரிச் சத்தம். கனத்த வண்டி கியர் மாற்றி வருவதுபோல ஒரு உறுமல். தோட்டத்துக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "வண்டி வந்துருச்சு, பெட்டியத் தூக்குங்க" என்றார். நாங்களும் ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தோம். வெயில் அடித்தது. எங்கள் காலடியில் புழுதி பறந்தது. ஓடைக்கரைக்கு வந்தால் ஓடை இல்லை. செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுருட்டிக்கொண்டு, கரை முட்ட ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் சேட்டன் தலையில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வந்து சேரவில்லை. ஈஸ்வரி மதினிதான் முதலில் பெட்டியைக் கீழே போட்டாள்.

அன்று எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. இதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னமும் ஒரு மாதிரி ஆகிவிடும். மழை என்று பயந்தால் கூரை ஒழுகும், பழம் வெடிக்கும், துணி நனையும் என்று வகைவகையாகப் பயந்து வைத்திருந்தேன். காய்ந்த மணலில், வெயிலில், எங்கோ பெய்த மழை வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று ஒரு பயம் என்னிடம் இல்லை. என் பயங்களில் அது ஒன்றுதான் குறைவு.

தூக்குவாளி சாயங்காலம் கிடைத்தது. ஓடை வளைகிற இடத்தில் வேலிமுள்ளில் மாட்டிக்கொண்டிருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. அக்கா மறுநாள் காலையில் கண்மாய்க்குத் தண்ணீர் விழுகிற இடத்தில் கிடைத்தது.

அதற்கு முன்னால், எல்லோரும் கரையோரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுகையில், தோட்டத்துக்காரர் என்னைக் கயிறு எடுத்து வரச்சொல்லி விரட்டினார். நான் பந்தலுக்குள் தனியாக ஓடினேன். டிரான்சிஸ்டர் யாருக்கோ பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. கயிற்றை எடுத்தேன். அப்புறம் ஏனென்று தெரியவில்லை, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, அந்த உயரமான தூணின் தலையில் கையை வைத்தேன். பகல் முழுக்க வெயில் குடித்த சூடு அப்படியே இருந்தது. காய்ந்து கிடந்தது.

அந்த வருடப் பழம் ஒன்றுகூட வெடிக்கவில்லை. நல்ல இனிப்பு என்று வியாபாரி சொன்னார். நான் அதன்பிறகு திராட்சை வேலைக்குப் போகவில்லை.

போன வருடம் மகனின் பைக்கில் அந்தப் பக்கம் போனேன். பந்தல் இல்லை. வாழை போட்டுப் பார்த்துவிட்டு, அதையும் விட்டு, இப்போது வீட்டுமனைகளாக அளந்து வண்ணக்கொடி நட்டிருக்கிறார்கள். ஓடையில் பாலம் கட்டியிருக்கிறார்கள். பாலம் தாண்டுகையில் மகன் தோளை அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான். சேட்டன் கடை இருந்த இடம் தெரியவில்லை. பெருமாள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ஈஸ்வரி மதினி திருப்பூரில் பேரப்பிள்ளை பார்க்கிறாள், போன் பேசினால் இரண்டு பேருமே அன்றைய பேச்சை எடுப்பதில்லை. மழை வருமா வராதா என்று இப்போது யாரும் பந்தயம் கட்டுவதில்லை, கைப்பேசியே சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டிவிடுகிறது. பந்தல் தூண்களைப் பிடுங்கி ரோட்டோரம் அடுக்கியிருந்தார்கள், வேலிக்கல்லுக்கு விலை பேசியாகிவிட்டதாம். அதில் உயரமானது எது என்று தேடினேன். படுத்துக்கிடந்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

"என்னம்மா தேடுற?" என்றான் மகன்.

ஒன்றுமில்லை என்றேன். கல் நனையவில்லை, அக்காதான் ஜெயித்தது. அதற்கு நான் தரவேண்டியது ஐந்து ரூபாய்.