வீப்கேவுக்கு அளவெடுத்த வேலை

இயற்பியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியைக் கூட்டித் துடைப்பது என் வேலை. அதே மாடியில் குளிர்விக்கும் இயந்திரம் ஒன்றோடு ஏழு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி வீப்கே. அது நின்றுபோனால் ஒரு உதை விடுவாள், பிறகு தடவிக்கொடுப்பாள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடியும். "அடுத்த வருஷம் இருப்பேனான்னு தெரியல, கெர்லிண்ட்" என்பாள். நான் தலையாட்டுவேன்.

இங்கே ஜெர்மனியில் ஒருவர் டாக்டர் பட்டம் பெறும் அன்று, கூட வேலை செய்கிறவர்கள் அட்டையில் தொப்பி செய்து அவர் தலையில் வைப்பார்கள். அவருடைய ஆராய்ச்சி, அசட்டுத்தனம், பிடித்த பீர் எல்லாம் பொம்மைகளாக அதில் ஒட்டியிருக்கும். எங்கள் மாடியில் எல்லோருக்கும் தொப்பி செய்தவள் வீப்கே. அவளுக்குப் பின்னால் வந்து போன வருடமே பட்டம் வாங்கிவிட்ட ஹென்னிங்குக்கும் செய்தாள். அவனுக்கு அந்த இயந்திரத்தை ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

இந்த வசந்தத்தில் நிரந்தர வேலை ஒன்று வந்தது. அவர்களுடைய பேராசிரியர் லோமையர் அதை வீப்கேவுக்குத்தான் தர நினைத்தார். ஆனால் விளம்பரம் போட்டாக வேண்டும். ஆளை மனதில் வைத்து அளவெடுத்தாற்போல் விளம்பரம் எழுதுவது இங்கே வழக்கம். இருவரும் காபி அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வெளியாள் யாரும் நுழையக்கூடாது, ப்ரொஃபசர். இந்த மெஷின ஓட்டத் தெரிஞ்சிருக்கணும், கடைசித் தேதிக்குள்ள டாக்டர் பட்டமும் வாங்கியிருக்கணும்னு ஒரு வரி போடுங்க."

"நீயே இன்னும் வாங்கலையே?"

"மே மாசம் எனக்குத் தேர்வு. விளம்பரம் முடியறது ஜூன்ல. அப்புறமென்ன?"

"ரொம்பத்தான் தைரியம்" என்று சிரித்தபடி லோமையர் அந்த வரியைச் சேர்த்தார்.

ஈஸ்டர் விடுமுறையில் பனிச்சறுக்கு விளையாடப் போன, வீப்கேவைத் தேர்வு செய்ய வெளியூரிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் காலை உடைத்துக்கொண்டு படுத்தார். தேர்வு ஜூலைக்குப் போனது. வேறு ஆளைப் போடுங்கள் என்று வீப்கே கேட்டாள், முடியாது என்றார்கள். விளம்பரத் தேதியையாவது தள்ளுங்கள் என்றாள். வெளியானது வெளியானதுதான் என்றது நிர்வாக அலுவலகம்.

அந்த விளம்பரத்துக்குள் சரியாகப் பொருந்தியவன் ஒருவன்தான். அதே மாடி, அதே இயந்திரம், கையில் பட்டம்.

"என் ஒப்பந்தமும் டிசம்பர்ல முடியுது, வீப்கே" என்றான் ஹென்னிங். "நான் விண்ணப்பம் போடலன்னா வேற ஊர்க்காரன் எவனாவது வருவான்."

"வரட்டுமே! அவன் தலையில நான் தொப்பி வைக்கலையே."

ஹென்னிங் விண்ணப்பித்தான். வேலையும் அவனுக்கே கிடைத்தது.

ஜூலையில் வீப்கே நன்றாகவே தேறினாள். தொப்பியை வசந்தத்திலேயே செய்து முடித்திருந்தார்கள். உச்சியில், அந்த நிரந்தர வேலையோடு அவளுக்குக் கிடைக்கவிருந்த அறையின் குட்டிக் கதவு, அதில் அவள் பெயர், மேலே எரியும் சின்ன விளக்கு. கதவைப் பிய்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாப் படத்துக்கும் பல்லைக் காட்டினாள்.

எல்லோரும் போனபின் தொப்பியோடு என்னிடம் வந்தாள்.

"இத எந்தக் குப்பைத் தொட்டியில போடணும்?"

"பேப்பர் தொட்டியில. ஆனா வெளக்கு ஒயரத் தனியா எடுத்துடணும்" என்றேன்.

"இதுக்கும் ஒரு விதியா!"

தரையில் உட்கார்ந்து இழுத்தாள். அசையவில்லை.

"எவன் இவ்வளவு பசையக் கொட்டினது?"

"ஹென்னிங்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்து இன்னொரு இழுப்பு இழுத்தாள். ஒயர் வரவில்லை, கதவு மட்டும் கையோடு வந்தது. அதைப் பேப்பர் தொட்டியில் போட்டாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தேன்.