சுருங்காத கை

பேய், ஆவி என்று எவர் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிறவன் நான். வேதியியலில் பட்டம் பெற்று, விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலைக் கற்பிப்பதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். இதை நீங்கள் நம்பாமல் போகலாம். வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் தங்கை மகன் பாஸ்கரன் ருமேனியாவில் வேலை செய்கிறான். அவன் வசிக்கும் ஊரில், மூன்று தலைமுறையாக இசைக் கலைஞர்களையும் ஓவியர்களையும் தந்த ஒரு குடும்பத்தின் வீட்டைச் சிறு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அக்குடும்பத்தில் பியானோ வாசித்த ஓர் அம்மையாரின் வலக்கையை, அவர் உயிரோடிருந்தபோதே பிளாஸ்டரில் வார்த்து வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்க அதே அளவில் பீங்கான் கை ஒன்று தேவைப்பட்டது. 'என் மாமா செய்துகொடுப்பார்' என்று என்னை நம்பி வாக்குக் கொடுத்த பாஸ்கரன், விடுமுறைக்கு வரும்போது அந்தப் பிளாஸ்டர் கையையே பஞ்சு சுற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

தொழிற்பேட்டையில் தெரிந்தவர் பட்டறையில் நானே அச்செடுத்து வார்த்தேன். சூளையைப் பற்றவைத்த பிறகு, அங்கே வெகுகாலமாகச் சூளை பார்க்கும் காசியம்மாள் சாவதானமாகக் கேட்டார்.

"அச்சப் பெருசு பண்ணித்தான எடுத்தீங்க சார்?"

நான் பெரிதாக்கவில்லை. பீங்கான் வெந்தால் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அதற்கேற்ப அச்சைப் பெரிதாக்க வேண்டும். நான் நடத்திய முதல் பாடமே அதுதான்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்த வாத்தியாரு, நீங்களே கோட்ட வுட்டுட்டீங்களே" என்று சிரித்தார்.

சூளை ஆறுகிற அன்றே பாஸ்கரனுக்கு விமானம். இன்னொன்று செய்ய அவகாசமில்லை. பேட்டை முழுவதும் என் பெயர் சிரிப்பாய்ச் சிரிக்கப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டேன்.

காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில் திறந்தோம். உடன் வைத்த கப்புகள் வழக்கம்போலச் சுருங்கியிருந்தன. கை சுருங்கவில்லை. மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனிவரை, பிளாஸ்டர் கையில் முன்பே நான் அளந்து எழுதிவைத்த அதே பதினெட்டு சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தேன்.

காசியம்மாள் இப்போது சிரிக்கவில்லை. தான் அதைத் தொடமாட்டேன் என்று தள்ளி நின்றுகொண்டார். மண் கலவையில் ஏதோ வித்தியாசம் என்றேன். கப்புகளும் அதே கலவைதான் என்பது இருவருக்கும் தெரியும். பிளாஸ்டர் கை அச்செடுத்த அன்றே பெட்டிக்குள் போய்விட்டது. அதை நான் மறுபடி திறந்து பார்க்கவில்லை. என் தவறைப் பற்றி மூச்சுவிடாமல் இரண்டையும் பாஸ்கரனிடம் ஒப்படைத்தேன்.

பத்து நாளில் அழைத்தான். பீங்கான் கை அச்சு அசலாக இருக்கிறதென்று பாராட்டினார்களாம்.

"ஆனா மாமா, பிளாஸ்டர் கை, காட்சிப் பெட்டில அதுக்குன்னே வெட்டின பள்ளத்துல பொருந்தாம ஆடுது. ஒரிஜினல மாத்திக் குடுத்துட்டீங்கன்னு சந்தேகப்படறாங்க."

என் வாழ்நாளில் எவரும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. நடந்தது அனைத்தையும், என் தவறு உட்பட, எழுதிக் கையொப்பமிட்டு அன்றே அனுப்பினேன்.

பரிசோதித்துவிட்டு, அது அசல்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். மணிக்கட்டின் அடியில், அச்சுப் படாத இடத்தில், அந்த அம்மையார் தம் கையால் மையில் எழுதிய பெயர் அப்படியே இருந்ததாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் எனக்கு அனுப்பினார்கள், இரண்டிலும் பக்கத்தில் அளவுகோல் வைத்து.

அந்த மை எழுத்தும் எட்டில் ஒரு பங்கு சுருங்கியிருக்கிறது.