முதுகெலும்பு நீங்கலாக

வீப்கே கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டாள்; தேநீர் போடுவாள். கோப்பையின் அடியில் கற்கண்டு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ஓரமாக வழிய விட்ட ஒரு கரண்டி பாலாடை. கலக்கக் கூடாது. வடக்கே கடலோரத்தில், எம்டன் ஊரில் பிறந்தவர்கள் அப்படித்தான் குடிப்பார்கள். கொலோனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினொரு வருடமாகியும் இந்த ஊரின் எந்தப் பழக்கத்தையும் அவள் அந்தக் கோப்பைக்குள் விட்டதில்லை. அந்த நவம்பர் சாயங்காலம் அவள் ஐந்தாவது கோப்பையில் இருந்தாள்.

மேசைமேல் காப்பீட்டுக் கோப்பு தடித்துக் கிடந்தது. அதை வளர்த்தவன் அவள் புருஷன் டில்மன். பயணப்பெட்டி தொலைந்தால் ஒன்று, மிதிவண்டி திருடு போனால் ஒன்று, கைப்பேசித் திரை விரிசல் விட்டால் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்கு வந்தால் ஒன்று. யார் கதவைத் தட்டி எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான். ஆனால் அவன் வேலை டைல்ஸ் ஒட்டுவது. நாள் முழுக்க மண்டியிட்டு, குனிந்து, மூட்டை தூக்கி வாழ்கிறவன். அந்த உடம்பு ஒருநாள் வேலைக்கு ஆகாமல் போனால் மாதாமாதம் பணம் தருகிற காப்பீடு மட்டும் அந்தக் கோப்பில் இல்லை.

"ஜன்னல் கண்ணாடிக்கு இருக்கு, உனக்கு இல்ல. வீட்ல நீதான்டா மலிவான பொருள்" என்று அவள் பல தடவை சொல்லிவிட்டாள்.

"எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்" என்பான் அவன்.

குதிரை மாதிரித்தான் அவள் அப்பாவும் இருந்தார். எம்டன் கப்பல் துறையில் பாரந்தூக்கி ஓட்டினார். நாற்பத்தாறு வயதில் இதயம் மக்கர் பண்ணியது. அதற்குப் பிறகு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா விடுதி அறைகளைப் பெருக்கப் போனாள். அப்பா திரும்பிப் பார்த்துப் பேசிய சாயங்காலங்களை வீப்கே ஒரு கையில் எண்ணிவிடுவாள். இப்போது அவளுடைய இரட்டைப் பெண்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள். இந்த வருடம் விடுவதில்லை என்று இருந்தாள்.

காப்பீட்டுத் தரகர் கோர்டுலா நீசன் வீட்டுக்கே வந்தாள். கெட்டிக்காரி. "மேடம், கம்பெனிக்காரன் அஞ்சு வருஷத்து வைத்திய விவரம் கேப்பான். நீங்களா ஞாபகத்துலேர்ந்து எழுதாதீங்க. டாக்டர்கிட்ட இருக்கிற பதிவ முதல்ல வாங்கிப் பாருங்க" என்றாள். தபாலில் டாக்டரின் பதிவு வந்தது. அதைப் படித்த பிறகுதான் அந்த ஐந்தாவது கோப்பை.

"கீழ் முதுகு வலி. மூணு நாள் ஓய்வு" என்று வாசித்தாள். "இது போன வருஷம். முந்தின வருஷமும் கீழ் முதுகு வலி. அதுக்கு முந்தின வருஷம், கீழ் முதுகு வலி, இடது காலுக்குப் பரவுது. டில்மன், உனக்கு எப்படா காலுக்குப் பரவுச்சு?"

டில்மன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் ரொம்ப மும்முரமானான்.

அவள் ஓய்வு தொடங்கிய ஐந்து தேதிகளையும் பார்த்தாள். எல்லாம் பிப்ரவரி, ஒன்று மட்டும் மார்ச். எழுந்து போய்ப் பழைய நாட்காட்டிகளை எடுத்து வந்தாள். ஐந்தும் கார்னிவல் திங்கட்கிழமை.

ஊரே வேஷம் கட்டித் தெருவில் இறங்குகிற அந்தத் திங்களன்று டில்மனின் முதலாளி மட்டும் கடையை மூட மாட்டார். அவர் சீகன் பக்கத்து ஆள். அங்கே அது வெறும் திங்கட்கிழமை. டில்மனோ பேட்டை வாத்தியக்குழுவில் பெரிய முரசு அடிக்கிறவன். பன்னிரண்டு கிலோ முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு மணிநேரம் ஊர்வலத்தில் நடப்பான். முதுகு வலியோடு.

"டாக்டர் கிரிங்ஸ்தான் எழுதிக் குடுத்தாரு" என்றான். "அவரும் நம்ம குழுவுல புல்லாங்குழல் வாசிக்கிறாரு இல்ல. கார்னிவல் திங்கள்ல க்ளினிக் கிடையாது, அதனால வெள்ளிக்கிழமையே குடுத்துடுவாரு."

"திங்கட்கிழமை வரப்போற வலிக்கு வெள்ளிக்கிழமையே சீட்டு."

"எல்லாரும் வாங்குறதுதான், வீப்கே. இந்த ஊர்ல அதுக்குப் பேரு பொய் இல்ல."

அவள் ஆறாவது கோப்பையை ஊற்றினாள்.

மறுநாள் இருவரும் கிரிங்ஸிடம் போனார்கள். நரைத்த மீசை, சிரித்த முகம். "உக்காருப்பா டில்மன், முதுகு எப்படி இருக்கு?" என்று கண்ணடித்தார். வீப்கே சிரிக்கவில்லை.

"டாக்டர், அந்த வலி ஒண்ணும் நிஜமில்லன்னு காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"எழுதலாம்மா. எழுதுன அன்னிக்கே நான் க்ளினிக்க மூடிட்டு புல்லாங்குழல் ஊதித்தான் பொழைக்கணும். நான் ஊதி நீ கேட்டிருக்கியா? பட்டினிதான். அதோட, பொய்ச்சீட்டுல லீவு போட்டான்னு தெரிஞ்சா இவன் முதலாளி அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாரு."

"அப்போ, வேலை போனா காப்பாத்துற காப்பீடு வாங்கணும்னா முதல்ல வேலையத் தொலைக்கணும்."

"நீ சொன்னா கேக்க நல்லா இல்ல" என்றார் கிரிங்ஸ். "ஆனா சரியாத்தான் சொல்ற."

படியிறங்கும்போது டில்மன் மெதுவாகச் சொன்னான்: "இத நாம சொல்லாமயே விட்டுட்டா?"

அதையும் வீப்கே தரகரிடம் கேட்டுவிட்டாள். கோர்டுலாவுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை போலிருந்தது. "விடலாம் மேடம். பணமும் கட்டிக்கிட்டே வரலாம். சார் ஒருநாள் நிஜமாவே விழுந்தாருன்னா, அன்னிக்குத்தான் கம்பெனிக்காரன் டாக்டர்கிட்ட பதிவு கேப்பான். மறைச்சீங்கன்னு சொல்லி ஒத்தப் பைசா தரமாட்டான்."

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இதயம், நுரையீரல், கண், கை, மனநலம், புற்று, விபத்து, எல்லாவற்றுக்கும் சம்மதம். கடைசிப் பத்தியில் ஒரு வரி: முதுகெலும்பு நீங்கலாக.

"டைல்ஸ்காரனுக்கு முதுகு இல்லாத காப்பீடு" என்றாள் வீப்கே. "மீனவனுக்குத் தண்ணி நீங்கலாகன்னு குடுப்பாங்களா?"

"மூணு வருஷம் முதுகுன்னு டாக்டர்கிட்ட போகாம இருந்தா அந்த வரிய எடுக்கச் சொல்லி எழுதிப் போடலாம்" என்றாள் கோர்டுலா. "உறுதி சொல்ல மாட்டேன். ஆனா எடுத்திருக்காங்க. வேற கம்பெனி பாக்குறதுன்னாலும் பதிவு அதே பதிவுதான் மேடம்."

அன்றிரவு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைக்காத அந்த ஒன்றுக்காகக் கிடைத்ததையும் தள்ளிவிடத் தோன்றியது, அவ்வளவு எரிச்சல். பிறகு அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. ஜன்னலைப் பார்த்த, நிமிர்ந்த, அகன்ற முதுகு. கடைசி வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை. போனது இதயம்தான்.

"போடுறா கையெழுத்து" என்றாள்.

போட்டான். மறுநாள் அவளே அவனை முதலாளியிடம் அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பிவந்து, அவள் காத்திருந்த காருக்குள் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாரு?"

"கார்னிவலுக்கு லீவு வேணும்னு கேட்டேன். எடுத்துக்கோன்னுட்டாரு."

"அவ்வளவுதானா?"

"இத்தனை வருஷமா ஏன் கேக்கலன்னு கேட்டாரு."

வீப்கே சாவியைத் திருப்பினாள்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம், அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது டில்மன் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல. வண்டிலேர்ந்து டைல்ஸ் ஒட்டுற பசை மூட்டைய இறக்கினேன். பிடிச்சுக்கிச்சு."

"எங்க?"

அவன் ஒரு கையை இடுப்புக்கு அடியில் செருகியிருந்தான். தூக்க முயன்றாள், அலறினான். இடது கால் மரத்துப்போனது போல் இருக்கிறது என்றான். அதைக் கேட்டதும் அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"யாருக்குப் பண்ற? வேணாம் வீப்கே! பதிவாயிடும். மூணு வருஷம் மறுபடி முதல்லேர்ந்து!"

"வாய மூடு."

"ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும். நான் வலிக்குதுன்னு சொல்லவே இல்லையே!"

"வலிக்காதப்போ அஞ்சு தடவை சொன்ன. இப்போ சொல்லித் தொலை."

மணி அடித்தது. கிரிங்ஸே எடுத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

"கார்னிவலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கேம்மா. இப்பவே என்ன அவசரம்?"

"டாக்டர்" என்றாள். "இது நிஜம்."

சிரிப்பு நின்றது. நாற்காலி நகரும் சத்தமும், பிறகு விசைப்பலகை தட்டும் சத்தமும் கேட்டன.

"இடது காலா, வலது காலா?" என்றார் கிரிங்ஸ்.

வீப்கே மண்டியிட்டு உட்கார்ந்து கைப்பேசியைப் புருஷனின் வாயருகே பிடித்தாள்.