புதினா வாசம் இல்லாத மாத்திரை

டோக்மோக் நகரில், ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழே நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடியில் இருக்கும் ஜில்திஸ், ஒரு தையல் பட்டறையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். வயது முப்பத்திரண்டு. கணவன் தலாந்துக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. வீட்டில் அவளும் மாமியார் பூருலும்தான்.

போன இலையுதிர்காலத்தில் ஜில்திஸ் படுக்கையை விட்டு எழவில்லை. சோறு இறங்கவில்லை. யாராவது கதவைத் தட்டினாலே நெஞ்சு படபடத்தது. மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதினார். "எங்க வீட்டு மருமக என்ன பைத்தியமா?" என்று பூருல் அந்த மாத்திரை அட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, ஓதுகிறவரைக் கூட்டிவந்தாள். வந்தவர் ஓதினார், ஆட்டுக்கறி சாப்பிட்டார், போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்க நான் யார்?

இரண்டாம் முறை மாத்திரை வாங்கியபோது ஜில்திஸ் தந்திரம் செய்தாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் பையிலும் ஒரு வாலிடால் குழாய் கிடக்கும். படபடப்பு வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் புதினா மாத்திரை. அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. காலிக் குழாய் ஒன்றில் தன் மாத்திரைகளை எண்ணிப் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் குமட்டலும் கை நடுக்கமுமாக இருந்தது. ஐந்தாம் வாரம் கடைக்கு வந்தவள் என் தலைச்சாயத்தைப் பார்த்துச் சிரித்தாள். கேரட் மாதிரி இருக்கிறதாம்.

இரண்டு நாள் கழித்து அதே குழாயோடு பூருல் வந்து நின்றாள்.

"ஏண்டி, போலி மருந்தா விக்கிற? என்னோடது தீர்ந்துபோச்சேன்னு மருமக பையிலேர்ந்து ரெண்டு எடுத்து நாக்குக்கு அடியில வெச்சேன். ஒரே கசப்பு. நாக்கே மரத்துப்போச்சு. புதினா எங்க போச்சு?"

அவளை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

"பழைய சரக்கு பெரியம்மா. குடுங்க, மாத்தித் தரேன்" என்று சொல்லிக்கொண்டே இருமல் மருந்துகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"பொய் சொல்ற. பொய் சொன்னா நீ அலமாரி அடுக்குவ."

குழாயை ஆட்டிப் பார்த்தாள். "பைக்கு அடியில, துணி சுத்தி வெச்சிருந்தா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்." குழாயை மேசைமேல் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மாவு பிசையும்போது பாடினா. இதனாலதானா?" என்றாள்.

ஆமாம் என்றால் இதுவும் அடுப்புக்குத்தான் போகும் என்று பயந்தேன். இருந்தாலும் சொன்னேன். "ஆமா. திடீர்னு நிறுத்தினா மறுபடியும் படுத்துடுவா பெரியம்மா."

பூருல் குழாயில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். பிறகு, "ரெண்டு குடு" என்றாள்.

"எதுக்கு?"

"நான் தின்னது ரெண்டு. எண்ணி வெச்சிருப்பா. குறைஞ்சா பயந்துடுவா."

ஜில்திஸுக்கென்று எடுத்துவைத்திருந்த அடுத்த மாத அட்டையிலிருந்து இரண்டைப் பிரித்துக் கொடுத்தேன். தனக்கென்று ஒரு வாலிடால் குழாயும் வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.

பத்து நாள் கழித்து ஜில்திஸ் வந்தாள்.

"அக்கா, என் குழாயில யாரோ சிவப்பு நூல் கட்டியிருக்காங்க. அத்தையோட குழாயில அது இல்ல."

"கேட்டியா?"

"கேக்கல. அவங்களும் ஒண்ணும் சொல்லல. காலையில என் தட்டுக்குப் பக்கத்துல ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் வெக்கிறாங்க."